ஆண்கள் ஆண்களோடு ஆடிப் பழகிய காலம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். பாதி கூடப் படிக்காமல் "அருமை டீச்சர்" என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். முப்பத்து நாலு வருஷம் வீட்டுப்பாட நோட்டு திருத்தியவள் நான்.

என் இளைய மகள் பெர்லினில் வேலை பார்க்கிறாள் என்பது இங்கே பலருக்குத் தெரியும். போன கோடையில் மூன்று மாதம் அவளோடு இருந்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஒரு துணிப்பையில் செருப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். எங்கே என்றால், "டாங்கோம்மா". எனக்குத் தெரிந்த டாங்கோ சினிமாவில் பார்த்ததுதான். வாயில் ரோஜாப்பூ, வெடுக் வெடுக்கென்று கழுத்தைத் திருப்புவது, கடைசியில் பெண்ணை இடுப்பில் சாய்ப்பது. இரண்டு வாரம் பொறுத்தேன். மூன்றாவது வாரம் "நானும் வர்றேன்" என்று கிளம்பிவிட்டேன்.

நான் நினைத்தது எதுவும் அங்கே இல்லை. பெரிய கூடம். சுவரோரமாக நாற்காலிகள். என் வயதுக்காரர்கள் பாதிப்பேர். மெல்ல அணைத்துக்கொண்டு நடக்கிறார்கள், அவ்வளவுதான். எல்லோரும் ஒரே திசையில் கூடத்தைச் சுற்றுகிறார்கள், கடிகார முள்ளுக்கு எதிராக. நம் ஊர் கணக்கில் அப்பிரதட்சிணம். பாட்டு நான்கு முடிந்ததும் சம்பந்தமில்லாத வேறொரு இசை அரை நிமிஷம் ஒலிக்கும். உடனே எல்லோரும் கலைந்து அவரவர் நாற்காலிக்குப் போய்விடுவார்கள். அந்த இடைவெளி இசைக்கு "கோர்த்தீனா" என்று பெயர். திரைச்சீலை என்று அர்த்தம். நான்கு பாட்டு சேர்ந்த ஒரு கட்டுக்கு "தாண்டா". ஆடும் இடத்துக்கும் அந்தக் கூடுகைக்கும் "மிலோங்கா".

எனக்குத் தலை எண்ணும் பழக்கம் இன்னும் போகவில்லை. பெண்கள் முப்பத்தொன்று, ஆண்கள் பத்தொன்பது. ஆண்கள் அத்தனை பேரும் ஆடினாலும் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். என் மகள் தொடர்ந்து மூன்று கட்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிவைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு, செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு. அவளுக்கு அப்பால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். நாங்கள் போனதிலிருந்து கிளம்பும்வரை அவரை ஒருவரும் கூப்பிடவில்லை.

திரும்பும்போது ரயிலில் கேட்டேன். "ஏண்டி, நீயே எழுந்து போய்க் கூப்பிட வேண்டியதுதானே?"

"அப்படி வாய்விட்டுக் கேட்கக் கூடாதும்மா. கண்ணாலதான் கேட்கணும்."

"இது யார் போட்ட சட்டம்?"

"புவெனஸ் அயர்ஸ்ல அப்படித்தான். ஆரம்பத்திலிருந்தே."

"ஆரம்பத்திலிருந்தே" என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். மறுநாளிலிருந்து அவள் வேலைக்குப் போன நேரமெல்லாம் இதைத்தான் படித்தேன். அவளிடமிருந்த ஆங்கிலப் புத்தகங்களும், ஸ்பானிய மொழியில் இருப்பதைக் கைபேசியில் மொழிபெயர்த்தும்.

அட்லஸ் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தென்னமெரிக்காவின் கிழக்குக் கரையில் லா பிளாட்டா என்ற ஆறு கடலைப் போல் விரிந்து கிடக்கிறது. தென்கரையில் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ், வடகரையில் உருகுவேயின் மான்டிவிடியோ. டாங்கோ இந்த இரண்டு ஊருக்கும் சொந்தம். யார் முதலில் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2009இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியபோதும் இரண்டு நாடுகளும் சேர்ந்தே வாங்கிக்கொண்டன.

1869இல் அர்ஜென்டினா தன் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியது. அப்போது புவெனஸ் அயர்ஸில் இரண்டு லட்சம் பேர்கூட இல்லை. 1914இல் மூன்றாவது கணக்கெடுப்பு. 15 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதில் ஏறத்தாழ பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். நாற்பத்தைந்து வருஷத்தில் இப்படி வீங்கிய ஊர் உலகத்திலேயே அபூர்வம்.

ஆள் வேண்டும் என்று அரசாங்கமே கூப்பிட்டது. 1876இல் அதற்கென்று குடியேற்றச் சட்டம் போட்டார்கள். 1911இல் துறைமுகத்தை ஒட்டி ஒரு பெரிய விடுதி திறந்தார்கள். கப்பலிலிருந்து இறங்குகிறவனுக்கு ஐந்து நாள் சாப்பாடும் படுக்கையும் இலவசம். அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. வந்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலிக்காரர்கள், அடுத்தது ஸ்பெயின்காரர்கள். "கோலோந்த்ரீனா" என்று ஒரு வகைத் தொழிலாளிகள் உண்டு. வலசை போகும் தகைவிலான் குருவியின் பெயர் அது. பூமியின் வடபாதியில் குளிர்காலம் என்றால் தென்பாதியில் கோடை என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்போமே, அதை வைத்துப் பிழைத்தவர்கள் இவர்கள். இத்தாலியில் அறுவடையை முடித்துவிட்டுக் கப்பலேறி அர்ஜென்டினாவில் கோதுமை அறுப்பார்கள். முடிந்ததும் திரும்பி ஊருக்கு. இந்த உதாரணம் முன்பே தெரிந்திருந்தால் பருவகாலப் பாடத்தை எவ்வளவு சுவையாக நடத்தியிருக்கலாம்!

இப்படி வருகிறவன் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டா வருவான்? முதலில் தான் வருவான், சம்பாதிப்பான், பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பான். அதனால் வெளியிலிருந்து வந்தவர்களில் ஆண்கள் பெண்களைவிட வெகு அதிகம். அவர்கள் குடியிருந்த இடத்துக்குக் "கோன்வென்தீஷோ" என்று பெயர். 1871இல் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது பணக்காரர்கள் ஊரின் தென்பகுதியை விட்டு வடக்கே ஓடிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன பெரிய வீடுகளை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். நடுவில் முற்றம், ஒரு குழாய், சுற்றிலும் அறைகள், அறைக்கு ஒரு குடும்பம் அல்லது ஐந்தாறு தனியாட்கள். (1907இல் வாடகையை ஏற்றியபோது இந்த வீடுகளின் பெண்கள் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஊர்வலம் போனார்கள். அதைத் தனிப் பதிவாக எழுத ஆசை.)

இந்த முற்றங்களிலும் தெருமுனைகளிலும்தான் டாங்கோ வளர்ந்தது. ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் தாளம், கியூபாவிலிருந்து வந்த ஹபநேரா, உள்ளூர் மிலோங்கா பாட்டு எல்லாம் கலந்தது. பிற்பாடு பாண்டோனியான் என்ற துருத்திப் பெட்டி சேர்ந்தது. அது ஜெர்மனியிலிருந்து போனது. அதைக் கேட்டதும் என் மகளுக்குப் பெருமை, ஏதோ அவளே செய்து அனுப்பியது மாதிரி.

டாங்கோ விபசார விடுதியில் பிறந்தது என்று ஒரு கதை எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அங்கேயும் ஆடினார்கள், மறுக்கவில்லை. பணம் கொடுத்துப் பெண்களோடு ஆடும் கூடங்களும் இருந்தன. ஆனால் கூலிக்காரன் தினமும் பணம் கொடுத்து ஆட முடியுமா? எனக்கு அந்தக் கதையைவிட முக்கியமாகப் படுவது ஒரு புகைப்படம். 1903இல் "காராஸ் இ காரேத்தாஸ்" என்ற பிரபலமான வாரப் பத்திரிகை டாங்கோ அடவுகளைப் படம் பிடித்துப் போட்டது. அதில் ஆடுகிறவர்கள் இரண்டு ஆண்கள். தொப்பி போட்டுக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்துக்கொண்டு.

"ஆணும் ஆணுமா?" என்று கருத்துப் பெட்டியில் சிரிப்புப் பொம்மை போடுவதற்கு முன்னால் யோசித்துப் பாருங்கள். பெண்கள் குறைவு. இருக்கிற பெண்களுக்கு ஆடக் கூப்பிட ஆள் வரிசையில் நிற்கிறது. அப்போது ஒரு பெண் யாரோடு ஆடுவாள்? நன்றாக ஆடுகிறவனோடுதான். காலை மிதிக்கிறவனுக்கு அவள் ஏன் நேரம் ஒதுக்க வேண்டும்? ஆகவே அவள் முன்னால் போய் நிற்பதற்கு முன்பே ஆடத் தெரிந்திருக்க வேண்டும். பெண்ணோடு ஆடிப் பழகலாம் என்றால் அதற்குப் பெண் கிடையாது. ஆணோடுதான் பழகியாக வேண்டும்.

1930களில் குடியேற்றம் குறைந்து, ஆண் பெண் எண்ணிக்கை சமனாகத் தொடங்கிய பிறகும் இந்தப் பழக்கம் நீடித்தது. 1935லிருந்து 1955 வரையிலான காலத்தை டாங்கோவின் பொற்காலம் என்கிறார்கள். தாரியென்சோ, த்ரோய்லோ, புக்லியேசே என்று பெரிய பெரிய இசைக்குழுக்கள். பேட்டைக்குப் பேட்டை மன்றம், வாராவாரம் நடனம். அந்தக் காலத்தில் ஆடிய கிழவர்கள் பிற்காலத்தில் சொன்ன நினைவுகள் நிறையப் பதிவாகியிருக்கின்றன. அவர்கள் சொல்வது கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறது.

பதினைந்து, பதினாறு வயதுப் பையன் "ப்ராக்திகா" என்ற பயிற்சிக் கூடத்துக்குப் போவான். ஆண்கள் மட்டும்தான். முதலில் ஓரமாக நின்று பார்ப்பான். பிறகு யாராவது ஒரு மூத்தவர் கூப்பிடுவார். பையன் ஆட வேண்டியது பெண்ணின் பாகம். பல மாதம் இதேதான். டாங்கோவில் வழிநடத்துகிறவர் பெரும்பாலும் முன்னோக்கி நடப்பார், பின்தொடர்கிறவர் பின்னோக்கி நடப்பார். எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரியாது, நெஞ்சுக்கு நெஞ்சு வரும் சிறு அசைவை வைத்துத்தான் அடுத்த அடி. அந்தப் பாகம் நன்றாக வந்த பிறகே, புதிதாக வந்த இன்னொரு பையனை வழிநடத்த விடுவார்கள். அதிலும் தேறிய பிறகு ஒருநாள் பெரியவர்கள் அவனுக்குக் கோட்டு மாட்டி மிலோங்காவுக்குக் கூட்டிப்போவார்கள். தெரிந்த ஒரு நல்ல ஆட்டக்காரப் பெண்ணிடம் சொல்லி வைப்பார்கள்: இவனோடு ஒரு கட்டு ஆடு. அவள் தயவில் அவன் தேறினால் மற்ற பெண்கள் கவனிப்பார்கள். சொதப்பினால் திரும்பவும் ப்ராக்திகா.

பெண்பிள்ளைகள் வீட்டில் கற்றார்கள். அக்காவோடு, அம்மாவோடு, அடுப்படியில், முற்றத்தில். அண்ணன் தம்பி இருந்தால் அவர்களுக்கும் வீட்டிலேயே ஒரு பயிற்சித் துணை கிடைத்தது. நடனத்துக்கு வரும்போது அம்மாவும் கூட வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். (பெர்லினில் நான் செய்ததும் அதுதான் என்று மகள் சொல்லிச் சிரித்தாள்.)

இப்போது அந்தக் கண் ஜாடைக்கு வருகிறேன். அதற்கு "கபேசேயோ" என்று பெயர். தலையசைப்பு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். ஆட விருப்பமுள்ளவர் தான் விரும்புகிறவரைப் பார்ப்பார். அவரும் திரும்பப் பார்த்தால் ஆண் மெல்லத் தலையசைப்பான், அவள் தலையசைத்தால் முடிந்தது. விருப்பமில்லை என்றால் அவள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். வாயால் "மாட்டேன்" சொல்ல வேண்டியதில்லை. அவன் நாலு பேர் பார்க்கக் கூடத்தைக் கடந்துபோய் மூக்கறுபட்டுத் திரும்ப வேண்டியதும் இல்லை.

ஒரு பெண்ணுக்கு ஐந்து பேர் பார்க்கிற கூடத்தில் இது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று பாருங்கள்! தேர்வு அவள் கையில். படித்தபோது அந்த ஊர்க்காரர்களின் புத்திசாலித்தனத்தை மெச்சினேன். பிறகுதான் அந்தப் பத்தொன்பதும் முப்பத்தொன்றும் நினைவுக்கு வந்தன.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1955இல் ராணுவம் பெரோனைக் கவிழ்த்தது. அதன் பிறகு நடனக் கூடங்கள் தேய்ந்தன. இளைஞர்கள் ராக் அண்ட் ரோல் பக்கம் போனார்கள். 1976லிருந்து 1983 வரை கொடுமையான ராணுவ ஆட்சி. ஆண்கள் மட்டும் கூடும் அந்தப் பழைய ப்ராக்திகாக்கள் ஒரு தலைமுறைக்கு ஆளில்லாமல் போயின. 1983இல் "டாங்கோ அர்ஹென்தீனோ" என்ற மேடை நிகழ்ச்சி பாரிசில் அரங்கேறியது, 1985இல் நியூயார்க்கின் பிராட்வேக்குப் போனது. அதைப் பார்த்துவிட்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜனங்கள் டாங்கோ கற்கக் கிளம்பினார்கள். (ஐரோப்பாவில் இது இரண்டாவது பைத்தியம். முதலாவது முதல் உலகப்போருக்குச் சற்று முன்னால். அப்போது ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம், சீருடையில் இருக்கும் அதிகாரிகள் டாங்கோ ஆடக் கூடாது என்று 1913இல் தடை போட்டார். இப்போது அவர் தலைநகரில், கோடையில், ஆற்றங்கரையில் திறந்தவெளியிலேயே ஆடுகிறார்கள்.)

இந்த முறை கற்றுக்கொண்டது வகுப்பில். கட்டணம் கட்டி, ஆண் பெண் ஒன்றாக. முதல் நாளே ஆண் வழிநடத்துகிறவன், பெண் பின்தொடர்கிறவள் என்று பிரித்துவிடுகிறார்கள். பின்னோக்கி நடக்காமலே ஆண்கள் வழிநடத்தக் கற்றார்கள். வகுப்புக்கு வருகிறவர்களோ பல ஊர்களில் பெண்கள்தான் அதிகம். ஆக, எண்ணிக்கை தலைகீழ்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பெண்கள் அரிதாக இருந்தபோது ஆண்கள் மாதக்கணக்கில் உழைத்தார்கள். ஆண்கள் அரிதானபோது அந்த உழைப்பு போய்விட்டது, தலையசைப்பு மட்டும் தங்கிவிட்டது. பெண்ணுக்குத் தேர்வைக் கொடுத்த அதே பார்வை, இப்போது அவளைப் பிச்சை கேட்கிற மாதிரி கூடமெங்கும் கண்ணை ஓடவிட வைக்கிறது. ஆறு மாதம் கற்றுக்கொண்ட ஆண் இரவு முழுக்க ஆடுகிறான். பத்து வருஷம் ஆடிய அந்த ஐம்பது வயது அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். விதி ஒன்றுதான், எழுத்து மாறவில்லை. கூடத்தில் இருக்கும் தலைகளின் கணக்கு மாறியதும் அதன் வேலையே மாறிவிட்டது.

புவெனஸ் அயர்ஸ்காரர்கள் இப்படி யாரும் கூப்பிடாமல் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: "ப்ளான்சார்". இஸ்திரி போடுவது. மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே பாவாடையைத் தேய்ப்பவள் என்று நானாக ஒரு படம் வரைந்துகொண்டேன்.

அந்தச் சொல்லைப் படித்தன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆண்டு விழாவுக்குப் பின்னல் கோலாட்டம் போட்டேன். மேலேயிருந்து கயிறு கட்டி, பிள்ளைகள் உள்ளும் வெளியுமாகச் சுற்றிப் பின்னுவது. இரட்டைப்படையில் ஆள் இல்லை என்றால் பின்னல் விழாது. என்னிடம் இருந்தது இருபத்து மூன்று பேர். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ ஓரமா நின்னு ஜால்ரா போடும்மா" என்றேன். சரிங்க டீச்சர் என்றது. பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வந்து, சிரித்த முகமாக, நிகழ்ச்சி முடியும்வரை போட்டது. என் மகள் நாற்காலியில் வைத்திருந்தது அதே சிரிப்பு. இன்னொரு கயிறு கட்டி, இருபத்து நாலாவது ஆளாக நானே உள்ளே இறங்கியிருக்கலாம். அன்று தோன்றவில்லை.

இப்போது இதற்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். புவெனஸ் அயர்ஸில் மணிக்கணக்கில் கூலிக்கு ஆடும் ஆண்கள் இருக்கிறார்கள், "டாக்ஸி டான்சர்" என்று பெயர். வெளியூரிலிருந்து போகும் பெண்கள் அமர்த்திக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் ஆண்கள் பணம் கொடுத்து ஆடிய ஊர்! ஐரோப்பாவில் இரண்டு மூன்று நாள் நடக்கும் டாங்கோ கூடுகைகள் சிலவற்றில் இரண்டு பாகத்துக்கும் சம எண்ணிக்கையில்தான் பதிவு செய்கிறார்கள். உட்காருகிறவர் குறைவு, உண்மை. ஆனால் பெண்களுக்கான இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், மீதிப்பேர் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். நாற்காலியை வீட்டுக்கு மாற்றிய மாதிரிதான்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. யார் வேண்டுமானாலும் எந்தப் பாகமும் ஆடலாம் என்பது. ஒருபாலீர்ப்புள்ளவர்கள் இதற்கு முன்கை எடுத்தார்கள். 2001இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் "குயர் டாங்கோ" விழா தொடங்கியது, 2007இல் புவெனஸ் அயர்ஸிலேயே நடத்தினார்கள். அதற்கு வெளியிலும் நிறையப் பெண்கள் வழிநடத்தக் கற்கிறார்கள். "பாரம்பரியம் கெடுகிறது" என்று சில கூடங்களில் முணுமுணுப்பு இருக்கிறதாம். 1903ஆம் வருஷத்துப் பத்திரிகையை அவர்களிடம் காட்ட வேண்டும்.

இதையெல்லாம் ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது மகளிடம் சொன்னேன். பேசாமல் கேட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "எழுந்திரும்மா" என்றாள்.

"எதுக்குடி?"

"நான் வழிநடத்திப் பழகணும். ஆள் வேணும்."

முழங்கால் வலி என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. சமையலறையில் கழுவு தொட்டியிலிருந்து கதவு வரை ஒன்பது அடி இருக்கும். அவள் முன்னோக்கி, நான் பின்னோக்கி. முதல் நாள் எங்கே போய் இடிப்பேனோ என்ற பயத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். "பார்க்காதேம்மா, நான் இருக்கேன்ல" என்றாள். நாலாவது நாளுக்குப் பிறகு பார்க்கவில்லை. ஊருக்குக் கிளம்பும்வரை தினமும் ராத்திரி பத்து நிமிஷம். இரண்டு முறை அவள் என் காலை மிதித்தாள், ஒரு முறை அரிசி டப்பாவைத் தட்டிவிட்டோம்.

போன வாரம் போனில் சொன்னாள். அந்த ஐம்பது வயது அம்மாளைக் கூடத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாளாம். அவர் முதலில் பின்னால் யாரையோ பார்க்கிறாள் என்று திரும்பிப் பார்த்தாராம். பிறகு தலையசைத்தாராம்.